வால்கொண்டாக் கோட்டை யாது?

1751-ஆம் ஆண்டில், சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையிடம், முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலப் படை ‘வால்கொண்டா’வில் தோற்றுத் திருச்சிராப்பள்ளி நோக்கிப் பின்வாங்கியது. அப்பெயர் வாலிகண்டபுரத்தின் திரிபு. ஆயின் அவ்வூரில் நாம் காண்பது வாலீசுவரர் கோயிலே, மலைக்கோட்டை ஆங்கில்லை. இப்போரை 1763-இல் வெளிவந்த தம் நூலில் விரித்த இராபர்ட்டு ஓர்ம், பாறையொன்றை அடியிலும் மேலும் உச்சியிலுமாக மூன்று மதில்கள் சூழ்ந்திருந்தன என்கிறார். பெரம்பலூருக்கு வடக்கே, அணித்தாயுள்ள இரஞ்சன்குடியில் அகழி கடந்து கோட்டைமேடு வரை ஏறுவோர் அத்தகைய அடுக்கமைப்பையே காண்பர். ஆதலின் அவர் சுட்டிய கோட்டை இதுவே எனக் கொள்ளுதல் தகும். இருதிறத்தாரும் கோட்டைத் தலைவனைத் தம்பால் ஈர்க்க முயன்றதன் காரணமும் உச்சியில் நின்றார்க்கு விளங்கும். திருச்சிப் பெருவழி அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றது. ஏட்டுப் பெயர் மயக்கும் இடத்து நிலமே சான்றாகும். வரலாறு பயிலும் மாணவர் நூலைக் கையிற்கொண்டு இம்மலையில் நடத்தல் வேண்டும்.