நினைவகத்தில் எஞ்சிய பழைய சுவடு

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிலே அக்காலச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். பழைய எழுத்தை அழித்து மணலைச் சமன்செய்த பின்னரே புதியது எழுதப்படும். அன்றேல் இரண்டுங் கலந்து பிழையாகும்.

கணினிக்கும் இவ்விதி பொருந்தும். கணினியின் வேலைகளையெல்லாம் ஆளும் அடிப்படை நிரலைக் கருநிரல் என்பர். அது நினைவகத்தில் ஓரிடத்தை எடுத்துப் பயன்படுத்தி விடுவிக்கின்றது. பின்னர் வேறு பணிக்கு அவ்விடத்தையே எடுக்கின்றது. அங்கே தொடக்க மதிப்பை இட மறந்தால் பழைய எச்சமே மதிப்பாகிவிடும். அதனாற் கணக்குப் பிழைபடும். ஒருவருடைய கடவுச்சொல் பிறரிடம் கசிதலுங் கூடும். எச்சம் தற்செயலாகச் சுழியமாயிருப்பின் பிழை வெளிப்படாது. ஆதலால் அதனைக் கண்டுபிடித்தல் அரிது.

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலிலும் இத்தகைய பிழைகள் பல இருந்தன. 2019 இல் வெளிவந்த 5.3 ஆம் பதிப்பு, நினைவகத்தை வழங்கும்போதே சுழியத்தால் நிரப்பும் வசதியைத் தந்தது. இது கசிவைத் தடுக்கும். ஆயினும் சுழியமே உரிய மதிப்பென்பதற்கு உறுதியில்லை. 2022 இல் 6.1 ஆம் பதிப்பிற் சேர்ந்த கேஎம்சான் என்னுஞ் சோதனைக் கருவியோ, மதிப்பிடப்படாத இடத்தை நம்பி நிரல் முடிவெடுக்கும் தருணத்தையே சுட்டுகின்றது. நிரப்புதல் காவல், பிழையின் இருப்பிடமறிந்து திருத்துதலே மருந்து.