மகாராணி படித்து மகிழ்ந்த கதை

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடும். செக்கிங் டேபிளில் சிவப்பும் பச்சையுமாகக் குழந்தைகளின் நைட் டிரெஸ் குவிந்து கிடக்கும். நெஞ்சில் கலைமான், கையில் பனிப்பூ. செக்கிங் அக்கா ஒவ்வொரு பீஸையும் உள்புறம் திருப்பி, கக்கத்துத் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். தொங்கும் நூலை டிரிம்மரால் வெட்டுவார். எண்ணெய்க் கறையோ ஊசித் துளையோ கண்ணில் பட்டால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே தள்ளுவார். தேறிய பீஸ் அயர்னிங், பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிக்குள் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறும்.

அந்த உடுப்பு போய்ச் சேரும் நாடுகளில் டிசம்பர் மாதம் இன்னொரு சரக்கும் நன்றாக விற்கும். விக்டோரியா மகாராணி காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கிறிஸ்தவக் காதல் கதைகள். பனி, ஆலய மணி, குதிரை வண்டி, விசுவாசம் ஆட்டம் கண்டு மீளும் நாயகன், அவனுக்காக ஜெபிக்கும் நாயகி. கதாசிரியர்கள் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு. இன்று உலகம் அறிந்த கிறிஸ்துமஸின் பாதி அப்போதுதான் உருவானது. டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' 1843இல் வந்தது. லண்டனில் முதல் வாழ்த்து அட்டை அச்சானதும் அதே ஆண்டில்தான். அரச குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848இல் ஒரு பத்திரிகை போட்ட பிறகே அந்தப் பழக்கம் அங்கே வீடு வீடாகப் பரவியது.

நம் பிள்ளைகளும் இந்தக் கதைகளைப் போனில் தேடிப் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் அதே மகாராணியின் ஆட்சியில், அதே வேதத்தை நம்பிய ஒரு பெண், சென்னையில் உட்கார்ந்து எழுதிய கதை ஒன்று இருக்கிறது. பெயர் 'சகுணா'. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். அந்தக் கதை வந்த வழியை நம்மவர்களில் பலர் அறிய மாட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அதன் வேர் மகாராஷ்டிரத்து அகமதுநகரில் இருக்கிறது. கிருபாபாய் அங்கே 1862இல் பிறந்தார். பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த பெற்றோருக்கு அவர் பதின்மூன்றாவது பிள்ளை. சிறு வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். படிப்பில் ஆசை மூட்டிய அண்ணன் பாஸ்கரும் இளமையிலேயே இறந்தார். அண்ணன் மூட்டிய ஆசை மட்டும் போகவில்லை. டாக்டர் ஆகியே தீருவது என்று 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சென்னையில் அவர் தங்கியது டபிள்யூ.டி. சத்தியநாதன் ஐயர் வீட்டில். நெல்லைச் சீமையிலிருந்து வந்த சபைக் குருவானவர் அவர். முதல் வருஷப் பரீட்சையில் கிருபாபாய் பிரமாதமாகத் தேறினார். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை, படிப்பை விட வேண்டியதாயிற்று.

குருவானவரின் மகன் சாமுவேல் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்த 1881இல் இருவருக்கும் கல்யாணம். சாமுவேலுக்கு ஊட்டி பிரீக்ஸ் பள்ளியில் தலைமையாசிரியர் வேலை. சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு அன்றைய ரயில் ஈரோடு, திருப்பூர், போத்தனூர் என்று வந்து மேட்டுப்பாளையத்தில் நிற்கும். மலை ரயில் கிடையாது. அது குன்னூரை எட்டியதே 1899இல். அதுவரை வண்டி கட்டித்தான் ஏற வேண்டும். அன்று திருப்பூரில் பனியன் கம்பெனி என்று ஒன்றுகூட இல்லை.

ஊட்டியில் கிருபாபாய் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தோடர்களைப் பார்க்கப் போய்வந்து கட்டுரை எழுதினார். பத்திரிகையில் தன் பெயரைப் போடாமல் 'ஓர் இந்தியப் பெண்மணி' என்று போட்டுக்கொண்டார். பிறகு ராஜமுந்திரி, கும்பகோணம் என்று மாற்றலாகி இருவரும் சென்னைக்கு வந்தார்கள். 'சகுணா' 1887–88இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது.

தன் வாழ்க்கையைத்தான் அவர் கதையாக்கினார். தேவதாரு மரமும் பனியும் அதில் இல்லை. என் மனதில் நிற்கும் காதல் கதாநாயகியுடையதுகூட அல்ல, அவள் தாய் தகப்பனுடையது. சின்ன வயதில் கட்டிக்கொடுத்த பெண் ராதா. புருஷன் ஞானஸ்நானம் பெற்றுவிடுகிறார். சாதிசனம் முழுக்க ஒரு பக்கம், அவர் மட்டும் மறுபக்கம். அழுதுகொண்டே அவரோடு குடித்தனம் வருகிறாள். தன் ஆசாரத்தை உடனே விட்டுவிடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, காத்திருக்கிறார். வருஷக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இரண்டு நம்பிக்கைகள். இன்றும் நம் ஊரில் மதம் மாறிய வீடுகளிலும் கலப்பு மணம் நடந்த வீடுகளிலும் நடப்பது இதுதானே. எந்தப் பிரபுவின் மாளிகைக் காதலும் எனக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

இன்னொன்று. மிஷனரி வீடுகளுக்குப் போகும் சகுணா, சுதேசிக் கிறிஸ்தவர்களை அவர்கள் ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பதைக் கண்டு கொதிக்கிறாள். மிஷனோடு நெருங்கிய பத்திரிகையிலேயே, தானும் கிறிஸ்தவராக இருந்துகொண்டே, கிருபாபாய் இதை எழுதினார். விசுவாசத்துக்கும் தன்மானத்துக்கும் பகை இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தொடர் நூலாகிக் கடல் கடந்தது. விக்டோரியா மகாராணிக்கு ஒரு பிரதி போயிற்று. படித்து மகிழ்ந்த அவர், இந்த ஆசிரியர் எழுதிய மற்றவையும் வேண்டும் என்று கேட்டார். இதற்குள் கிருபாபாய் பெற்ற குழந்தை ஒரு வயது நிறையும் முன்பே இறந்தது. காசநோய் அவரையும் பிடித்தது. படுத்த படுக்கையில் 'கமலா' என்ற இரண்டாம் நாவலை எழுதி முடித்து, 1894இல் காலமானார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு நாவல்களும் 1896இல் தமிழுக்கு வந்தன. சாமுவேல் பின்னாளில் மணந்த கமலா சத்தியநாதன் 1901இல் இந்தியப் பெண்களுக்கென்று ஆங்கிலப் பத்திரிகை தொடங்கியது தனிக் கதை.

அதன்பின் 'சகுணா' நூறு ஆண்டுகள் ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்தது. 1998இல் சந்தானி லொகுகே பதிப்பித்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மறுபடி வெளியிட்டது. இப்போது கல்லூரிகளில் ஆய்வுக்கு எடுக்கிறார்கள். சபை நூலகங்களிலும் வீடுகளிலும்தான் அதைக் காணோம்.

கிறிஸ்துமஸ் மாதத்தில் புத்தகம் பரிசளிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் 'சகுணா' கொடுங்கள். ஆங்கிலம் கடினம் என்பவர்கள் தமிழில் வேண்டும் என்று நூலகரிடமும் பதிப்பகங்களிடமும் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.