கணினி, அலுவலக இயந்திரப் பழுதுநீக்குநர்: சேலம், நாமக்கல் வட்டாரம்

கணினி, பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரம், தட்டச்சுப்பொறி, பணம் எண்ணும் இயந்திரம் ஆகியவை நின்றுபோனால் அவற்றை மறுபடி ஓட வைப்பவர். சேலம், நாமக்கல் பக்கத்தில் இவரை ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்பார்கள். பொறியியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயதில் மூத்த கடைக்காரர்களுக்கு இவர் இன்னும் ‘மெக்கானிக்’தான். லாரிகளின் ஊரான நாமக்கல்லில் ‘மெக்கானிக்கை வரச் சொல்லு’ என்றால் எந்த மெக்கானிக் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

வகைப்பாடு

இத்தொழில் எந்தப் பிரிவில் அடங்கும் என்பதில் ஏடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஐ.நா. வகுத்த தொழிற் பகுப்பை ஒட்டி இந்தியா வெளியிட்ட 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழிற் பகுப்பில், கணினியையும் அதன் துணைக் கருவிகளையும் பழுதுபார்ப்பது 9511 என்ற எண்ணின்கீழ் வருகிறது. அது சேவைத் துறை. தட்டச்சுப்பொறி, கால்குலேட்டர், ஜெராக்ஸ் இயந்திரம் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதோ 3312. அது உற்பத்தித் துறையின் பகுதி. ஆகவே காலையில் பிரிண்டரைத் திறப்பவர் சேவைத் தொழிலாளி, மதியம் ஜெராக்ஸைத் திறந்தால் ஆலைத் தொழிலாளி. அச்சும் நகலும் ஸ்கேனும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய இயந்திரத்தைத் திறக்கும்போது அவர் யார் என்பதைப் பகுப்பை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆட்களை வகைப்படுத்தும் ஏட்டிலும் இதே கதை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுப் பட்டியல், அலுவலக மின்னணு இயந்திரங்களைப் பார்ப்பவரை 7421இலும் கணினியைப் பார்ப்பவரை 7422இலும் வைக்கிறது. இரண்டாமவருக்குப் பக்கத்துப் பாயில் தொலைபேசிக் கம்பி இழுப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பட்டியல் மட்டும் கணினி, ஏடிஎம், அலுவலக இயந்திரம் மூன்றையும் 49-2011 என்று ஒரே எண்ணில் கட்டிவிட்டது. சேலத்துக் கடைவீதிக்குப் பொருந்துவது இதுவே. இக்கட்டுரையும் அதையே பின்பற்றுகிறது.

இந்தியாவில் மின்னணுத் துறைத் திறன் கவுன்சில் இவ்வேலைக்கு ‘ஃபீல்டு டெக்னீசியன்’ என்று பெயரிட்டுப் பாடத்திட்டம் வகுத்துள்ளது. ஐடிஐகளிலும் கணினி வன்பொருள் பராமரிப்புப் பிரிவு உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தில் கைவேலையைக் கற்றுக்கொடுக்கும் இடம் பெரும்பாலும் இன்னொருவரின் கடைதான்.

தட்டச்சுப்பொறிக் காலம்

ரேடியோ, டிவி மெக்கானிக்கின் வழியில்தான் கணினி மெக்கானிக் வந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. சால்டரிங் அயர்ன் அங்கிருந்து வந்தது, அவ்வளவே. வாடிக்கையாளர், ஆண்டு ஒப்பந்தம், அலுவலகத்துக்கே நேரில் போய் மேசை ஓரத்தில் வேலை பார்க்கும் முறை, ரிப்பன் விற்பனை என்று தொழிலின் மற்ற எலும்புகள் அனைத்தும் தட்டச்சுப்பொறி மெக்கானிக்கிடமிருந்து வந்தவை.

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, 1907இல் மலாயா பக்கம் பிழைக்கப் போனவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை நகரா விசை. சாதாரண விசையை அடித்தால் எழுத்து விழுந்ததும் தாள் ஓரடி நகரும். நகரா விசையை அடித்தால் குறி மட்டும் விழும், தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். முதலில் புள்ளி, பிறகு அதன் அடியில் மெய். தமிழில் எழுதும்போது கை கடைசியில் வைக்கும் புள்ளியைத் தட்டச்சில் முதலில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைத் தட்டச்சர்கள் புள்ளியிலிருந்தே சொல்லை யோசித்தார்கள். இந்த இயந்திரங்களை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் செய்து கொடுத்தது.

மெக்கானிக்குக்குத் தனிச் சோறு போட்டது இந்த நகரா விசைதான். ஆங்கில இயந்திரத்தில் எல்லா எழுத்து விசையும் தாளைத் தாங்கும் கேரியேஜை நகர்த்தும். தமிழ் இயந்திரத்தில் சில விசைகள் நகர்த்தவே கூடாது. அந்த இணைப்பு லேசாக வளைந்தால் போதும், புள்ளி தனியாக ஓரிடத்திலும் மெய் அதற்கு அடுத்த இடத்திலும் போய் நிற்கும். ‘அம்மா’வின் தலையில் இருக்க வேண்டியது ‘அ’வுக்குப் பக்கத்தில் தொங்கும். புள்ளி சிறியது, ஆனால் அடி அதே அடி. எனவே தாளைத் துளைக்கும், தாளுக்குப் பின்னுள்ள ரப்பர் உருளையில் பள்ளம் போடும். பள்ளம் விழுந்த உருளையில் எழுத்து ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளிறியும் விழும். பழக்கப்பட்ட மெக்கானிக் இயந்திரத்தைத் தொடுமுன் அதில் அடித்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். நோய் தாளிலேயே எழுதியிருக்கும்.

வேலை பெரும்பாலும் துடைப்பதுதான். எழுத்துகளின் வயிற்றில் மையும் ரிப்பன் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் பெட்ரோலும் போதும். எழுத்துக் கம்பிகள் வரிசையாகச் செருகியிருக்கும் பிளவுகளில் எண்ணெய் விடுவது கற்றுக்குட்டியின் அடையாளம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தூசி கம்பியைப் பிடிக்கும். கம்பியின் நுனியில் எழுத்து ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்துகளைக் கழற்றிவிட்டுத் தமிழ் எழுத்துகளைப் பற்றவைத்து ஓர் இயந்திரத்தை மதம் மாற்றுவது கைதேர்ந்தவர்களின் வேலை.

1955இல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறியைச் செய்யத் தொடங்கியதும், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலக மொழியாக்கியதும் இத்தொழிலுக்கு அடுத்தடுத்து வாய்த்த நற்பேறுகள். கலெக்டர் அலுவலகம் முதல் தாலுகா அலுவலகம் வரை தமிழ் இயந்திரம் தேவைப்பட்டது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் வடிவங்களைச் சீராக்கியது. அறிஞர்கள் அதை மொழி விவகாரமாகப் பேசினார்கள். விசைப்பலகையோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு அது இட நெருக்கடி குறைந்த விவகாரம்.

தட்டச்சுப்பொறியோடு சேர்ந்தே வந்தது சைக்ளோஸ்டைல். ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் நேரடியாக அடித்தால் எழுத்தின் வடிவில் தாள் கிழியும். அந்தக் கிழிசல் வழியே மை இறங்கி நூற்றுக்கணக்கில் நகல் வரும். பள்ளிக் கேள்வித்தாள், சங்கத் துண்டறிக்கை, கூட்டுறவுச் சங்கச் சுற்றறிக்கை எல்லாம் இந்த வழியில் வந்தவை. இந்த நகல் எடுக்கும் கெஸ்டெட்னர் இயந்திரத்தைப் பழுதுபார்த்துவிட்டு வருபவரைச் சட்டையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

தட்டச்சுப் பயிலகங்கள் இத்தொழிலின் நிரந்தர வாடிக்கையாளர்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் ‘லோயர்’, 45 சொல் ‘ஹையர்’. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இத்தேர்வில் தேறினால்தான் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பணிக்கு மனுப்போட முடியும். தேர்வுக்குப் பயிலகத்து இயந்திரங்களே வண்டியில் ஏறி மையத்துக்குப் போகும். வழியில் குலுங்கியதில் ஸ்பிரிங் கழன்றால் தேர்வரின் ஆறு மாத உழைப்பு போயிற்று. அதனால் தேர்வு நாளில் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரோடு மையத்திலேயே காத்திருப்பது வழக்கம். கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. உதிரிபாகம் அதன்பின் பழைய இயந்திரங்களின் வயிற்றிலிருந்துதான்.

கணினி வந்த பிறகு

1978இல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது, 1975இல் தொடங்கப்பட்டிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம். பழுதுபார்ப்பதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இந்தியாவில் இருந்தது என்பது இன்று பலருக்கும் வியப்பாக இருக்கலாம். 1984இல் அது பெயரைச் சிஎம்சி என்று சுருக்கிக்கொண்டது. ‘மெயின்டனன்ஸ்’ என்ற சொல்லுக்கு மதிப்புப் போதவில்லை போலும். 1984இல் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு பரிந்துரைத்தபின் வங்கிக் கிளைகளுக்குள் இயந்திரப் பேரேடும் பிறகு கணினியும் நுழைந்தன. மாவட்டத் தலைநகரங்களில் கணினி பார்க்கும் ஆளுக்கு வேலை பிறந்தது. உதிரிபாகத்துக்குச் சென்னை ரிச்சி தெருவை நம்பும் வழக்கமும் அப்போது பிறந்ததுதான்.

அமெரிக்க ஆய்வாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்துப் பழுதுநீக்குநர்களோடு சுற்றித் திரிந்து 1996இல் ஒரு நூல் எழுதினார். நிறுவனம் அச்சிட்டுத் தந்த கையேட்டைவிட, சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளே அவர்களுக்கு வழிகாட்டின என்பது அவருடைய கண்டுபிடிப்பு. டீக்கடையில் நிற்கும் எந்த சர்வீஸ் இன்ஜினியரும் இதை நூல் எழுதாமலே சொல்லியிருப்பார்.

அப்படிக் கைமாறும் அறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு ‘12ஏ’. ஹெச்பி 1020, கேனான் 2900 என்ற இரண்டு லேசர் பிரிண்டர்களுக்கும் உள்ளே இருப்பது ஒரே அமைப்பிலான கார்ட்ரிட்ஜ். அதைத் திறந்து கழிவுத்தூளைக் கொட்டிப் புதுத் தூளை நிரப்புவது இத்தொழிலின் அன்றாடக் கஞ்சி. தாளில் ஒரே கறை திரும்பத் திரும்ப விழுந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளப்பார்கள். சுமார் 75 மில்லிமீட்டர் என்றால் டிரம் போயிற்று. அதன் சுற்றளவு அதுதான். வேறு அளவு என்றால் வேறு உருளை. தட்டச்சு மெக்கானிக் தாளைப் பார்த்து நோய் சொன்ன அதே வித்தை.

தூசி

இந்த வட்டாரத்துப் பழுதுகளில் பாதியைத் தூசியின் பெயரிலேயே எழுதலாம். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளின் கணினியைத் திறந்தால் விசிறியில் பஞ்சு மெத்தை. காற்றோட்டம் அடைபட்டுக் கணினி சூடேறித் தானே அணைந்துவிடும். உரிமையாளர் வைரஸ் என்று நினைத்திருப்பார். ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்குமாவு. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு விற்பனையை ஓரிடத்தில் திரட்டியது, மாவோ எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. பருவமழை ஈரத்தில் அது பசையாகிவிடும். கோழிப்பண்ணை அலுவலகங்களில் தீவன மாவோடு இறகுத்தூள். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டுப் பக்கம் வெள்ளைக்கல் பொடி. புளோயர் இல்லாமல் இங்கே யாரும் வேலைக்குப் புறப்படுவதில்லை. பல்லிக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்: கதகதப்புக்காக எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டிக்குள் நுழைந்து, தானும் செத்துப் பெட்டியையும் சாகடிக்கும்.

லாரி புக்கிங் அலுவலகங்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சாகாமல் இருப்பதற்குக் காரணம் ரசீது. ஓட்டுநருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று என ஒரே அடியில் பல நகல் வேண்டுமானால் ஊசி தாளைக் குத்தியாக வேண்டும். லேசருக்கு அந்தப் பலம் கிடையாது. ஒன்பது ஊசிகளில் ஒன்று உடைந்தால் எல்லா எழுத்தின் குறுக்கேயும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. அதன்பிறகு இந்த அலுவலகங்களில் இணையம் நின்றாலும், வண்டி கேட்டில் நிற்கும்போது பிரிண்டர் நின்றாலும், அழைப்பு ஒருவருக்கே போகிறது.

2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கிராமத்து வீடுகளுக்குள் மடிக்கணினியைக் கொண்டுபோனது. உத்தரவாதக் காலம் முடிந்ததும் அவை உள்ளூர்க் கடைகளுக்கு வந்தன: உடைந்த கீல், உப்பிய பேட்டரி, எழுத்து தேய்ந்த கீபோர்டு. 2012இன் மின்வெட்டு நாட்களில் யுபிஎஸ் பேட்டரி மாற்றியே சிலர் மாதத்தை ஓட்டினார்கள். மெக்கானிக்குகளுக்குள் சாதிப் பிரிவு போல ஒன்று உறுதிப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். பலகையை அப்படியே கழற்றி வேறு மாட்டுபவர் ‘கார்டு லெவல்’. பலகையிலுள்ள சில்லை வெப்பக் காற்றால் பெயர்த்துப் புதிது வைப்பவர் ‘சிப் லெவல்’. பின்னவர் சற்று நிமிர்ந்தே உட்காருவார்.

இன்றைய நிலை

சிசிடிவி கேமராவும் விரல்ரேகை வருகைப் பதிவும் இத்தொழிலோடு சேர்ந்துவிட்டன. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தளம் ஒன்றைத் தொடங்கியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகள் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.