மன்னிப்பு வளர்த்த குடும்பம்



யூபிலி என்றதும் கொடியும் தோரணமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டு யூபிலியின் பொருளோ இன்னும் ஆழமானது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்க, அடிமைப்பட்டவர் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும் என்கிறது லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம். ஆகவே யூபிலி என்பது வீடு திரும்பும் ஆண்டு. பகையால் பிரிந்து கிடப்போர் ஒன்றுகூடாவிடில், நாம் கொண்டாடும் யூபிலி எவ்வாறு நிறைவுறும்? இதனை மனத்திற்கொண்டு, திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற ஒரு குடும்பத்தை நோக்குவோம்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரிய நாட்டில், தகாஸ்தே என்றொரு சிற்றூர். நான்காம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவர் பத்ரீசியுஸ். கிறிஸ்தவர் அல்லர். இரக்க குணம் உண்டு. கொதித்தெழும் கோபமும் உண்டு. மணவாழ்வில் பிரமாணிக்கம் இல்லை. அவருடைய மனைவியே புனித மோனிக்கம்மாள். 354-இல் பிறந்த அவர்கள் மகன் அகுஸ்தினார், பிற்காலத்தில் ஆயராகித் தம் வாழ்வைக் கடவுள்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலில், இவ்வில்லத்தின் குறைகளை மூடி மறைக்கவில்லை.

கணவர் கோபத்தில் இருக்கையில் மோனிக்கம்மாள் எதிர்த்துப் பேசுவதில்லை. கோபம் தணிந்தபின் தம் நியாயத்தை எடுத்துரைப்பார். பணிப்பெண்களின் கோள்பேச்சைக் கேட்டு மாமியார் பகைத்தார். மருமகளின் பொறுமை அவரை வென்றது. மனம் கசந்த இருவர் ஒருவர்மீது ஒருவர் குறை கூறினால், இரண்டையும் கேட்டுக்கொண்டு, அவர்களை ஒன்றுசேர்க்கும் சொற்களை மட்டுமே மறுபக்கம் சொல்வாராம். இந்த ஒரு புண்ணியம் நம்மிடையே விளங்கினால், எத்தனை வீடுகளில் அடுப்பு இரண்டாகாமல் இருக்கும்! ஏறத்தாழ 371-இல், இறப்பதற்குச் சிறிது முன், பத்ரீசியுஸ் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவ்வூர்ப் பெண்கள் பலர் கணவரிடம் அடிபட்டனர் என்றும் அகுஸ்தினார் எழுதுகிறார். அதனை உலக வழக்கமென்று நாம் ஏற்கலாகாது. பொறுமை என்பது அடிப்பவனுக்கு வழங்கும் உரிமை அன்று. துணைவரையும் பிள்ளைகளையும் வன்முறையினின்று காப்பதற்குப் பிரிந்து வாழ்தல் சில வேளைகளில் தேவையான கடமையும் ஆகலாம் என்று, 2016-இல் வெளியான 'அன்பின் மகிழ்வு' ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் கற்பித்தார்.

மகனும் தாயை நோகச் செய்தார். மானிக்கேயரின் தப்பறையில் விழுந்தார். 383-இல், கார்த்தேஜ் நகரில் தாயிடம் பொய் சொல்லி, அவர் புனித சிப்ரியான் நினைவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த இரவில், உரோமைக்குக் கப்பலேறினார். தாயோ கடல் கடந்து மிலான் நகர்வரை அவரைத் தேடிச் சென்றார்.

தாயும் குறையற்றவர் அல்லர். அகுஸ்தினாரோடு பல்லாண்டு வாழ்ந்து, ஒரு மகனையும் பெற்றெடுத்த பெண் ஒருத்தி, அவருக்கு வேறு திருமணம் பேசப்பட்டதால் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அத்திருமண முயற்சியில் முன்நின்றவர் மோனிக்கம்மாளே. அப்பெண்ணின் பெயரைக்கூட அகுஸ்தினார் எழுதி வைக்கவில்லை. அவளுடைய கண்ணீருக்குத் தாயும் மகனும் கடனாளிகளே என்று நாம் எண்ணுகிறோம்.

387 பாஸ்கு இரவில், மிலான் ஆயர் புனித அம்புரோசியார் கையால் அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஓஸ்தியா துறைமுகத்தில், 56-ஆம் வயதில் மோனிக்கம்மாள் உயிர் நீத்தார். தம்மை நோகச் செய்த கணவரின் அருகிலேயே தமக்கும் கல்லறை வேண்டுமென்று முன்பே ஏற்பாடு செய்திருந்தார் அவர். இறுதியிலோ, உடலை எங்கு அடக்கினாலும் சரியே, ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றார். மகனோ தாயின் புண்ணியங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, பிறர் கடனைப் பொறுத்த தம் தாயின் கடன்களையும் பொறுத்தருளுமாறு இறைவனை மன்றாடினார்.

இதுவே நாம் கற்கும் பாடம். குடும்பத்தில் மன்னிப்பவர் ஒருவர், மன்னிக்கப்படுபவர் மற்றொருவர் என்று இல்லை. எல்லாரும் கடன் பட்டவர்; எல்லாரும் கடன் பொறுக்க வேண்டியவர். நாள்தோறும் பரலோக மந்திரத்தில் நாம் வேண்டுவதும் இதுவே அன்றோ?

1969-இல் சீரமைக்கப்பட்ட திருவழிபாட்டு நாட்காட்டியில் தாயின் விழா ஆகஸ்ட் 27, மகனின் விழா ஆகஸ்ட் 28 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. நம் இல்லங்களிலும் பிரிந்த உள்ளங்கள் அருகருகே வரட்டும். யூபிலித் திருப்பலியில் நற்கருணைப் பந்தியை அணுகுமுன், நம்மோடு பேசாதிருக்கும் அண்ணனை, தம்பியை, மாமியாரை, மருமகளைத் தேடிச் செல்வோம். யார் முதலில் பேசுவது என்று பாராமல், நாமே முதலில் பேசுவோம். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் குடும்பங்கள் அனைத்தையும் காத்து ஆசீர்வதிப்பதாக!