பித்தேறிய பெருமாள்: சலாலாக் கல்லறையும் வாழப்பள்ளிச் செப்பேடும்

ஓமானின் சலாலாவில் சேர மன்னன் சேரமான் பெருமாளுடையது என்று காட்டப்படும் கல்லறையைக் கேரளத்தார் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். மன்னன் ஒருவன் அரியணையை விட்டுப் போனதற்குச் சைவம் சொல்லும் காரணம் பித்து. கேரள மரபு நூலான கேரளோற்பத்தி சொல்வது பழிபாவம். முஸ்லிம் மரபு சொல்வது நிலா பிளந்த காட்சி. மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் அப்படிப் படிக்கவில்லை. கடைசிச் சேரன் இராமகுலசேகரன் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாத்தைத் தழுவி மக்கா புறப்பட்டான் என்ற மரபைத் தள்ளக் காரணமில்லை என்றார். பிராமணச் சார்புள்ள கேரளோற்பத்தியே அதைச் சொல்கிறது. தங்களுக்கு நன்மை தராத கதையை பிராமணர் ஏன் கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். நன்மை இல்லையா? அரசியின் பொய்ப்பேச்சை நம்பி, குற்றமற்ற படமலை நாயரைக் கொல்லச் சொன்னவன் அந்தக் கதையின் பெருமாள். மதி கெட்டவன், பிறகு சாதியும் கெட்டவன். போகுமுன் நாட்டைப் பங்கிட்டும் கொடுக்கிறான். மையத்தில் அரசனே இல்லாமற் போன நாட்டுக்கு இதைவிட வசதியான விளக்கம் ஏது? பேரறிஞர்தான், இங்கே அவசரப்பட்டுவிட்டார்.

தமிழில் இதே மதிமயக்கம் பெருமையாகிறது. பெரியபுராணத்தில் உவர்மண் சுமந்து வந்த வண்ணான் மழையில் நனைகிறான். மண் கரைந்து மேலெல்லாம் வெளுத்துக்கிடக்கிறது. திருநீறு என்று மயங்கி, யானையிலிருந்து இறங்கி விழுந்து வணங்குகிறார் சேரமான். வைணவத்தில் சேர மன்னரான குலசேகரர் இராமகதை கேட்டுப் படை திரட்டுகிறார். சிவனைப் பித்தன் என்று ஏசிய சுந்தரரோடு சேரமான் கயிலைக்குப் போகிறார், திரும்பவில்லை. சேக்கிழார் காலம் சேர அரசு முடிந்ததை ஒட்டியது. கதை அவருக்கு முந்தியது என்பதால் இதற்கு மேல் அழுத்த மாட்டேன்.

வாழப்பள்ளிச் செப்பேட்டில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. சேர மன்னன் இராசசேகரனின் 12ஆம் ஆட்சியாண்டு. வழக்கமான ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ இல்லை, ‘நமச்சிவாய’ என்று தொடங்குகிறது. இவனே நாயனாரான சேரமான் என்று கொள்ள அது ஓர் ஆதாரம். திருவாற்றுவாய்க் கோயிலின் அன்றாடப் பூசையைத் தடுப்பவன் தாயை மணந்தவனுக்குச் சமம் என்று சபிக்கும் ஏடு, அவன் பெருமாளுக்கு நூறு தினாரம் தண்டம் கட்டவும் விதிக்கிறது. தலைப்பில் சிவன், தண்டத்தில் கடல் கடந்த நாணயத்தின் பெயர். தினாரம் பழைய வடமொழி வழக்காகவும் இருக்கலாம். ஆனாலும் இந்தச் சிவபக்தனின் அரசுக்கு அரபிக்கடல் அந்நியமாக இருந்திருக்காது என்றே வாதிடுவேன்.

காலம்தான் இடிக்கிறது. கல்லறையில் வருகை ஹிஜ்ரி 212, மறைவு 216 என்று இருப்பதாக பிரிட்டிஷ் அதிகாரி லோகன் 1887இல் குறித்தார்; நேரில் படித்ததாக அல்ல. 216 என்றால் கி.பி. 831-32. இளங்குளம் குஞ்சன் பிள்ளை இராசசேகரன் ஆட்சியை 820இல் தொடங்குகிறார். 12ஆம் ஆண்டும் அங்கேயே வந்து விழுகிறது. ஆசைகாட்டும் பொருத்தம். ஆனால் கல்லறைக் கணக்குப்படி அவன் 827லேயே கடல் தாண்டிவிட்டவன். நாராயணன் கணக்கிலோ செப்பேடே 882ஐ ஒட்டிப் போய்விடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ஷேக் ஜைனுத்தீன், கல்லறை ஷிஹ்ரில் இல்லை, ஸஃபாரில்தான் என்கிறார். அந்த ஸஃபாரின் இடிபாடுதான் சலாலாவின் அல்-பலீத். ஆண்டைப் பற்றி, ஹிஜ்ரத்துக்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகு இருக்கலாம் என்பதோடு அவரும் நிறுத்திக்கொள்கிறார்.