ஒரு பிரதி போதாது



1981இல் எரிந்த யாழ். பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகின. பல சுவடிகளுக்கு வேறு பிரதியே இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட நாங்களும் பள்ளிவாசல் ஏடுகள், காணி உறுதிகள், படங்கள் என்று எவ்வளவோ விட்டுவிட்டுத்தான் போனோம்.

1993இல் அமெரிக்க மாணவர் இயன் மர்டொக் டெபியன் லினக்ஸைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. எழுதியவர் பெயர், உரிமம், அது இயங்க வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்ற விபரம் எல்லாம் பொதிக்குள்ளேயே இருக்கும். கையேடும் அதனுடனோ தனிப் பொதியாகவோ வரும். நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே வாசிக்கலாம். பல நாட்டுச் சேவையகங்களில் அதே பிரதிகள் உண்டு. ஒன்று அழிந்தாலும் மற்றது நிற்கும்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில்தான் வளர்ந்தது. டெபியனில் அதற்கும் ஒரு பொதி உண்டு.

டெபியனைத் தமிழிலேயே நிறுவலாம். கையேடுகள்தான் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவற்றைத் தமிழாக்குவது எங்கள் உயர்தர மாணவர்களால் முடிந்த வேலை.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டிலுள்ள பழைய மலர்கள், படங்களை ஸ்கேன் செய்யுங்கள். பெயர், ஆண்டு, இடம் எழுதி, ஒரு பிரதியை வேறு ஊரிலும் வையுங்கள்.