ஒரே மொழி, இரண்டு கப்பல்: மலாயா போன தமிழர்களின் கதை



நம் வளாகத்திலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் இரண்டு மூன்று குடும்பங்களாவது மலேசியா போய் வருகின்றன. பத்துமலை முருகனையும் இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்து, வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போடுகிறீர்கள். அடுத்த முறை போகிறவர்கள் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் இருக்கும் கந்தசுவாமி கோயில். மற்றொன்று, ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மாரியம்மன் கோயில். முதலாவதைக் கட்டியவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். இரண்டாவதைக் கட்டியவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போன ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள்.

இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் போனவை. பேசியது தமிழ். கும்பிட்டது முருகனையும் அம்மனையும். ஆண்டவர்களும் ஒரே வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் இரண்டு தலைமுறை கழிந்தபோது, ஒரு பக்கத்துப் பிள்ளைகள் டாக்டராகவும் வக்கீலாகவும் இருந்தார்கள். மறுபக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்பா வெட்டிய அதே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் லிஃப்ட்டில் ஒருவர், நம் வாயிலில் நிற்கும் வடமாநிலக் காவலர்களைப் பற்றிச் சொன்னார்: "எத்தனை வருஷம் ஆனாலும் இவங்க இப்படியேதான் சார் இருப்பாங்க. சில சமூகத்துக்கு முன்னேறணும்ங்கிற எண்ணமே கிடையாது." நான் இறங்க வேண்டிய தளம் வந்துவிட்டது, பதில் சொல்லவில்லை. என் பதில் இந்தக் கட்டுரை.

யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள்

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை நிலம், கிணற்றுத் தண்ணீர், புகையிலை, சிறு சிறு காணிகள். நிலத்தை நம்பி எல்லாப் பிள்ளைகளும் பிழைக்க முடியாது. ஆனால் அந்த வறண்ட மண்ணில் வேறொன்று விளைந்தது: பள்ளிக்கூடம். அமெரிக்க மிஷனரிகள் 1816இல் அங்கே வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலை, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான பள்ளி என்று தொடங்கினார்கள். இதற்குப் போட்டியாக 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். இந்தப் போட்டியில் லாபம் அடைந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது, ஆங்கிலம் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த இளைஞர்கள் அங்கே நிறைய இருந்தார்கள்.

அதே சமயம் மலாயாவில் ஆங்கிலேயருக்குக் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் திறக்கப்பட்டது. அதைப் போட ஆள் வந்தது இலங்கையிலிருந்து. இலங்கையில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு மாற்றலாகி வந்த ஆங்கிலேய அதிகாரிகள், தங்களுக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ரயில்வே, நில அளவை, பொதுப்பணி, தபால், ஆஸ்பத்திரி என்று எங்கு பார்த்தாலும் அவர்கள்தான். ஸ்டேஷன் மாஸ்டர் என்றாலே யாழ்ப்பாணத்தார் என்று ஒரு காலம் இருந்தது.

இவர்கள் தாங்களாகவே டிக்கெட் வாங்கிக் கப்பலேறியவர்கள். அண்ணன் போனால் தம்பியைக் கூப்பிடுவார். மாமா போனால் மருமகனைக் கூப்பிடுவார். மாதச் சம்பளம், அரசாங்கக் குவாட்டர்ஸ், கடைசியில் பென்ஷன். 'மலாயன் பென்ஷன்' என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு சொத்துக்குச் சமம்.

முக்கியமானது இன்னொன்று: இவர்கள் குடியிருந்தது டவுனில். அரசாங்க ஆங்கிலப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ஃபீஸ் கட்டச் சம்பளமும் இருந்தது. கூடவே கோலாலம்பூரில் சங்கம் வைத்தார்கள், விவேகானந்தா ஆசிரமம் அமைத்தார்கள், தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்கள்.

விளைவு நமக்குத் தெரிந்ததுதான். வட்டுக்கோட்டையில் பிறந்து செரம்பானில் வளர்ந்த எஸ்.ராஜரத்தினம், 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனார். தைப்பிங்கில் பிறந்த துரைசிங்கம், 1951இல் மலாயா அரசில் கல்விப் பொறுப்பை ஏற்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்த ஆனந்த கிருஷ்ணன், மலேசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் ஆனார். இரட்டைக் கோபுரத் திட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு.

நாகப்பட்டினத்திலிருந்து போனவர்கள்

இப்போது அடுத்த கப்பல். திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு, செங்கல்பட்டு. பஞ்சமும் கடனும் பண்ணையடிமை வாழ்வும் துரத்திய மக்கள். இவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட, நிலமற்ற சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலின் மேல்தளத்தில் ஒண்டிக்கொண்டு பினாங்கு போனார்கள். இறங்கியதும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அங்கிருந்து நேரே தோட்டம்.

முதலில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. அது 1910இல் நிறுத்தப்பட்டது. அதோடு சேர்ந்தே வளர்ந்து, பிறகு அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரையே துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தன் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். அவர் கூட்டி வந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு வந்தார்கள் என்று எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. ஆள் வேலைக்கு வராவிட்டால் கங்காணிக்கு நஷ்டம். உடம்பு சரியில்லாதவரையும் அவர் ஏன் எழுப்பி விரட்டினார் என்பது இதிலிருந்தே புரியும்.

ஃபோர்டு கம்பெனி 1908இல் மாடல் டி காரை இறக்கிய பிறகு ரப்பருக்கு வந்த கிராக்கி சொல்லி மாளாது. டயர் ஓட ரப்பர் வேண்டும். ரப்பருக்குத் தமிழ்க் கை வேண்டும். 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்? விடியும் முன்பே பெரட்டு. வரிசையில் நிற்க வேண்டும். தொழிலாளிக்கு மேலே கங்காணி, அவருக்கு மேலே கிராணி, எல்லோருக்கும் மேலே துரை. செக்ரோல் புத்தகத்தில் பேர் பதியும் அந்தக் கிராணி பல தோட்டங்களில் யாழ்ப்பாணத்தாராகவோ மலையாளியாகவோ இருப்பார். நம் இரண்டு கப்பல்களும் சந்தித்துக்கொண்ட இடம் அந்தப் பெரட்டுக் களம்தான். பேர் சொல்பவரும் எழுதுபவரும் பேசுவது ஒரே மொழி. ஆனால் ஒருவர் வீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிட்டது அரிது; பெண் கொடுத்து எடுத்தது அதைவிட அரிது. மக்கள்தொகைக் கணக்கிலும் 'இலங்கைத் தமிழர்' என்று தனிப் பிரிவு இருந்தது.

கூலி என்ன? 1920களின் கடைசியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த உலக மந்தத்தில் அதையும் குறைத்தார்கள். ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திரும்பினார்கள். குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போனால் அன்றே வீடும் போயிற்று. தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடை. காலையில் கொடுத்த காசில் ஒரு பகுதி சாயங்காலமே அங்கே போய்விடும்.

பள்ளிக்கூடம் இருந்தது, ஆனால்…

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஒரு கொட்டகையில் எல்லா வகுப்பும் ஒன்றாக நடக்கும். பல இடங்களில் வாத்தியார் வேலையைக் கிராணியோ கங்காணியோதான் பார்த்தார். எழுதப் படிக்க, கூட்டிக் கழிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குமேல் ஆங்கிலப் பள்ளிக்குப் போக வழியில்லை. ஆங்கிலப் பள்ளி டவுனில் இருந்தது. டவுனுக்குப் பல மைல்.

ஆக, யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவின் பிள்ளை போன பள்ளி, காலேஜுக்கும் ஆபீசுக்கும் வழி திறந்தது. தோட்டத்துப் பிள்ளை போன பள்ளி, மீண்டும் ரப்பர் மரத்தடிக்கே கொண்டுவந்து விட்டது. படித்துவிட்டால் பால் வெட்ட ஆள் கிடைக்காது என்று தோட்ட முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும்.

'எண்ணம்' இல்லாமலா?

"முன்னேறும் எண்ணமே இல்லை" என்று அப்போதும் சொன்னார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச்.நாதன் முன்னின்றார். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு. வைத்திய வசதி கொடு. கள்ளுக்கடையை மூடு. எங்கள் பெண்கள் மீது கை வைக்காதே. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பதை நிறுத்து.

கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் அந்தத் தொழிலாளர்களே என்பதைக் கவனியுங்கள். பதிலுக்கு நாதனை நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அவர்கள் போட்ட சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

போருக்குப் பிறகும் முயற்சி நிற்கவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர்களிடமே சேர்த்து, அவர்கள் வேலை பார்த்த தோட்டங்களையே வாங்கினார்கள். அன்றாடங்காய்ச்சிகளின் 10 வெள்ளி அது.

ஆனால் 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்ததும், அங்கேயே பிறந்து வளர்ந்தும் காகிதம் இல்லாத பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீட்டு மனைகளாகின. லயத்திலிருந்து வெளியேறியவர்கள் நகர ஓரங்களில் குடிசை போட்டார்கள். அந்தக் குறைகளின் தொடர்ச்சியாகத்தான் 2007 நவம்பரில் கோலாலம்பூர் தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டது.

கணக்கைச் சரியாகப் போடுவோம்

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "யாழ்ப்பாணத்தார் கெட்டிக்காரர்கள்" என்று முடித்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் எல்லோரும் கப்பலேறிவிடவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் நிலமும் பள்ளியும் எட்டிய மேல்சாதியினர். அங்கேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சமமாக உட்கார வைத்ததற்காக, 1930ஐ ஒட்டிப் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். நம் பக்கத்திலும் அதே கதைதான்: படித்த, வசதியுள்ள சாதிகள் தோட்டக் கூலிக்குப் போகவில்லை. செட்டியார்கள் லேவாதேவிக்குப் போனார்கள்; நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆக, கப்பல் கிளம்பும் முன்பே பாதிக் கணக்கு எழுதியாகிவிட்டது. மீதியை எழுதியவை தங்குமிடமும் கூலியும் பள்ளியும்.

இரண்டு சமூகங்களை ஒப்பிடும்போது நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். வரும்போது கையில் என்ன இருந்தது? எந்த வேலைக்காக வரவழைக்கப்பட்டார்கள்? வீடு யாருடையது? பிள்ளையின் பள்ளி எங்கே கொண்டுபோய் விட்டது? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகு, 'எண்ணம்' என்ற ஐந்தாவது கேள்விக்கு மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம்.

இப்போது நம் வாயிலுக்கு வருவோம். காவலர்களைக் கொண்டுவந்து விடும் ஏஜென்ட்டுக்கும் தலைக்கு இவ்வளவுதான் கணக்கு. அவர்கள் தூங்கும் அறை ஏஜென்சியுடையது; வேலை போனால் அறையும் போகும். பின்புறம் எழும்பும் புதிய கட்டடத்தில், தகரக் கொட்டகையில் இருக்கும் பிள்ளைகள் பகல் முழுக்க மணல் மேட்டில் விளையாடுகிறார்கள். நம் நூலக அறை மாலை 5 மணி முதல் 7 மணி வரை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட நம்மில் நாலு பேர் முன்வந்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைக் கேட்கப்போகிறேன். லிஃப்ட்டில் பேசிய நண்பரும் வருவார் என்று நம்புகிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். முதல் வகுப்பை அவரே எடுத்தால் நன்றாக இருக்கும்.